சான்றுக்குச் சான்று
(சித்தூர்ச் சீமையின் பத்திரங்கள் கடல் கடந்த வரலாறு)

கடல் கடந்து பணியாற்றும் ஒருவர் தம் மனைவியை அங்கு அழைத்துக்கொள்ள விரும்புகிறார். அந்நாட்டுக் குடிவரவு அலுவலர் கேட்பது ஒரே வினா: "இவ்வம்மையார் உம் மனைவியார் என்பதற்கு ஆவணம் எங்கே?" சுற்றமும் நட்பும் சூழ, நாதசுரம் முழங்க நடந்த திருமணம் அது. ஊர் அறியும், உறவு அறியும். ஆயினும் ஊர் அறிந்ததை அயல்நாட்டு அலுவலர் அறியார். அவர் பொருட்டு ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒப்பமிட்டவர் மெய்யாகவே பதிவாளர்தாம் என்று கூற மற்றொருவரின் ஒப்பம் வேண்டும். அம்மற்றொருவரைத் தெரியும் என்று கூற மூன்றாமவர் ஒருவர் வேண்டும். இவ்வாறு செல்லும் சான்றிதழைத் திருப்பிப் பார்த்தால், முன்பக்கத்தினும் பின்பக்கத்திலேயே எழுத்து மிகுந்திருக்கக் காணலாம்.

இதனை நம் மக்கள் 'அட்டஸ்டேஷன்' என்பர். அண்மைக் காலமாக 'அப்போஸ்டில்' என்ற சொல்லும் வீட்டுப் பேச்சில் புகுந்துவிட்டது. நடுவணரசு அலுவலகத்தில் கோப்புகளிடையே காலங்கழித்து வரும் நமக்கு இம்முத்திரைகள் புதியன அல்ல. எனினும் பலரும் கருதாத செய்தி ஒன்றுண்டு. இத்தனை முத்திரைகளுள் ஒன்றேனும் 'இத்திருமணம் நடந்தது' என்றோ, 'இக்குழந்தை இன்னாருக்குப் பிறந்தது' என்றோ கூறுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கு முந்திய கையொப்பம் மெய்யானது என்று மட்டுமே கூறுகிறது. செய்தியின் மெய்ம்மைக்குப் பொறுப்பான இடம் ஒன்றே. அது ஊர்ப் பதிவேட்டில் முதன்முதலாக எழுதப்பட்ட அந்த ஒரு வரி. சித்தூர், திருப்பதி வட்டாரத்தைச் சேர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு உள்ள தனி இடர்ப்பாடு யாதெனில், அந்த வரி எழுதப்பட்ட ஊர் நகரவில்லை. அதனை ஆண்ட எல்லைதான் நகர்ந்தது. அவ்வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

எழுத்துக்கு எழுத்தைச் சாட்சி வைக்கும் வழக்கம் வெள்ளையர் கொணர்ந்ததன்று. திருத்தணியை அடுத்த திருவாலங்காட்டில் 1905-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற செப்பேட்டுத் தொகுதி முப்பத்தோர் ஏடுகள் கொண்டது. முதலாம் இராசேந்திர சோழனின் முத்திரை பொறித்த வளையத்தில் கோத்தது. பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வழங்கிய ஆணை அதில் உள்ளது. சோழர் காலத்தில் மன்னன் வாயால் சொன்ன சொல் உடனே ஆணையாகிவிடவில்லை. அதனைக் கேட்டு எழுதுவோர் திருமந்திர ஓலை. அவ்வோலையைச் சரிபார்த்து ஒப்பமிடுவோர் திருமந்திர ஓலைநாயகம். பின்னர் வரிக்கணக்கில் ஏற்றுவோர், உடனிருந்தோர் எனப் பலர் உளர். பேரரசனின் சொல்லுக்கே இத்துணைக் கையொப்பங்கள் தேவைப்பட்டன எனில், நம் போன்றோர் நான்கு முத்திரைக்கு அலுத்துக்கொள்வது முறையாகாது!

திருமலைக் கல்வெட்டுகளும் இவ்வகையில் சுவையானவை. தேவத்தானத்தார் 1931 முதல் தொகுதிகளாக வெளியிட்ட அவற்றுள் பெரும்பாலன தமிழில் அமைந்தவை. விசயநகரக் காலத்துக் கொடைச் சாசனங்கள் பலவற்றின் இறுதியில், கோயில் கணக்கர் 'திருநின்றவூருடையான்' எழுதியது என்னும் குறிப்பு வரக் காணலாம். கொடுத்தவர் மன்னராகவோ தளபதியாகவோ இருக்கலாம். ஆயினும் கணக்கர் எழுத்து இறுதியில் இடம்பெற்றால்தான் சாசனம் நிறைவுறும். எழுத்தர் குலத்துக்கு இதனினும் பெருமை வேறென்ன வேண்டும்?

இனிக் கடல் கடந்த காலத்துக்கு வருவோம். 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் சென்னையிலிருந்து 'துரூரோ' என்னும் கப்பல் நேட்டாலுக்குப் புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் நாள் தர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்றோரை மிகுதியாக அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று வடஆற்காடு. அவ்வடஆற்காட்டின் தலைநகர் அந்நாளில் வேலூர் அன்று; சித்தூரே.

ஒப்பந்தத்தில் சென்ற ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி எழுதப்பட்டது. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை அதில் அடங்கும். எழுதப் படிக்கத் தெரியாத உழவர் ஒருவர் தம் பெயரைச் சொல்ல, தமிழோ தெலுங்கோ நன்கறியாத ஒருவர் அதனைத் தம் காதுக்கு எட்டியவாறு ஆங்கிலத்தில் எழுதினார். எழுதியதே பெயராயிற்று. 'பிள்ளை' என்பது 'பிள்ளே' ஆனதும், 'முதலி' என்பது 'மூட்லி' ஆனதும், சாதிப் பட்டம் குடும்பப் பெயராக நிலைத்ததும் இவ்வாறே. தந்தை எண்ணால் அறியப்பட்டார். மைந்தர் தந்தையின் பட்டத்தால் அறியப்பட்டனர். பத்திரம் மனிதனைப் பின்தொடர்வது போய், மனிதன் பத்திரத்தைப் பின்தொடர வேண்டிய காலம் அங்கே தொடங்கிற்று.

தென்னாப்பிரிக்க இந்தியரின் போராட்டத்தை நாம் அறப்போர் என்றே படித்திருக்கிறோம். அது பத்திரத்தைப் பற்றிய போராட்டமும் ஆகும். திரான்சுவாலில் பத்து விரல் இரேகையுடன் பதிந்துகொள்ள வேண்டும் என்னும் கட்டாயத்தை எதிர்த்து, 1908 ஆகத்து 16-ஆம் நாள் சோகன்னசுபர்க்கில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகளைத் தீயிலிட்டனர். ஐந்தாண்டு கழித்து அடி வேறு பக்கமாக விழுந்தது. 1913 மார்ச்சு 14-ஆம் நாள் கேப் உயர்நீதிமன்ற நீதிபதி சேர்ல், ஒரு முகமதியப் பெண்மணியின் வழக்கில் தீர்ப்பளித்தார். பலதார மணத்துக்கு இடந்தரும் சமய முறைப்படி நடந்த திருமணங்களைக் குடிவரவுச் சட்டம் ஏற்காது என்பது அதன் சாரம். ஒரே நாளில், இந்து, இசுலாமிய முறைப்படி மணந்த பெண்கள் அனைவரும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் ஆகாமற் போயினர்.

இதனை எதிர்த்து எழுந்த மகளிருள் தமிழ்ப் பெண்களே முன்னின்றனர். தால்சுதாய் பண்ணையைச் சேர்ந்த அக்குழுவினர், எல்லை கடந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர், சிறை புகுந்தனர். சிறையிலிருந்து நோயுடன் மீண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ஆம் நாள், தம் பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டே வந்த இந்தியர் துயர்நீக்கச் சட்டம் ஒருவருக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்களை ஏற்றது. வதிவுச் சான்றில் உள்ள பெருவிரற் பதிவு பொருந்தினால் அதுவே நாட்டுக்குள் நுழையும் உரிமைக்கு முடிவான சான்று என்றும் உடன்பட்டது. 1908-இல் எரித்ததும் விரல் இரேகை. 1914-இல் காத்ததும் விரல் இரேகை. வேறுபாடு யாதெனில், முன்னது குற்றவாளியைப் போலக் கேட்டது. பின்னது உரிமையாளரைப் போல ஏற்றது.

இத்துடன் முடியவில்லை. 1918-ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய பேரரசுப் போர் மாநாட்டின் தீர்மானம் ஒன்று, பிற பிரித்தானிய நாடுகளில் நிலையாகக் குடியிருக்கும் இந்தியர் தம் மனைவியையும் இளவயது மக்களையும் அழைத்துக்கொள்ளலாம் என்றது. நிபந்தனைகள் இரண்டு: ஒருவருக்கு ஒரு மனைவியும் அவர்தம் மக்களும் மட்டுமே, வருவோர் ஒவ்வொருவரையும் 'இன்னாரின் சட்டப்படியான மனைவி', 'இன்னாரின் சட்டப்படியான பிள்ளை' என்று இந்திய அரசு சான்றளிக்க வேண்டும். 1927-ஆம் ஆண்டின் கேப்டவுன் உடன்பாடும் இதனையே பின்பற்றியது. இன்று நாம் தில்லி வரை அனுப்பிப் பெறும் முத்திரையின் மூதாதை இத்தீர்மானமே என்பது நம் கருத்து. குடும்ப உறவு ஒன்றை அயல்நாட்டுக்குச் சொல்லும் பொறுப்பு ஊரிடமிருந்து அரசின் கைக்குச் சென்றது அப்போதுதான். ஆனால் ஒரு சிற்றூர்ப் பெண் யாருடைய மனைவி என்பதைத் தில்லி எவ்வாறு அறியும்? மாவட்ட அதிகாரியைக் கேட்டுத்தான் அறியும். மாவட்ட அதிகாரி? கிராம முனிசீப்பையும் கர்ணத்தையும் கேட்டுத்தான். ஆக, எத்தனை படிகள் ஏறினாலும் இறுதியில் ஊர்ச் சாவடிக்கே இறங்கி வர வேண்டியதாயிற்று.

அந்த ஊர்ச் சாவடியில் என்ன இருந்தது? பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுக்கென 1886-இல் இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. சென்னை மாகாணத்துக்கெனப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல் இயற்றப்பட்டது. ஊர் அதிகாரிகளே பதிவேட்டை எழுதினர். பிறந்த சில நாள்களில் பதிவு செய்யும்போது குழந்தைக்குப் பெயர் இராது; 'ஆண்', 'பெண்' என்றெழுதி விட்டுவிடுவர். பெயர் சூட்டியபின் திரும்பச் சென்று எழுதுவித்தவர் மிகச் சிலரே. இன்றும் பலர் தம் தாய் தந்தையரின் பிறப்புப் பதிவைத் தேடிக் கண்டபின், பெயர்க்கட்டம் வெறுமையாக இருக்கக் கண்டு திகைக்கின்றனர். 1970-இல் நடைமுறைக்கு வந்த 1969-ஆம் ஆண்டுச் சட்டம், பெயரைப் பின்னர்ச் சேர்ப்பதற்கும், ஓராண்டு கடந்த பிறப்பை நடுவர் ஆணையின் பேரில் பதிவதற்கும் வழி செய்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறப்போர்க்குப் பிறப்புச் சான்றினையே தலையாய ஆவணமாக்கிவிட்டது. தமிழ்நாட்டில் 1980-இலும் ஆந்திரத்தில் 1984-இலும் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் ஒழிக்கப்பட்டன. சீர்திருத்தம் வேண்டியதே. ஆயினும் எந்த ஏடு எந்தப் பரணில் கிடக்கிறது என்னும் அறிவு ஏட்டில் எழுதப்படாமல் அவர்களோடே போயிற்று.

இவ்விடத்தில்தான் சித்தூர்ச் சீமையின் எல்லைக் கதை குறுக்கிடுகிறது. 1911 ஏப்ரல் முதல் நாள், வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்த பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் அது சென்னை மாநிலத்தை விட்டு ஆந்திர மாநிலத்திற் சேர்ந்தது. 1956 நவம்பரில் ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. திருப்பதியும் திருத்தணியும் தமிழர்க்கே உரியன என ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின், பட்டாசுகர் பரிந்துரைப்படி 1959-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகம் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரம் சென்றது. 2022 ஏப்ரல் 4-ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. சத்தியவேடு இப்போது அதனுள் அடங்கும்.

திருத்தணியில் 1888-இல் பிறந்தவர் டாக்டர் இராதாகிருட்டிணன். அவர் பிறந்தபோது அவ்வூர் வடஆற்காடு மாவட்டம். அவர் இளைஞராக இருந்தபோது சித்தூர் மாவட்டம். குடியரசுத் துணைத்தலைவராக இருந்தபோது செங்கற்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். பெரியோர்க்கு இதனால் குறையொன்றுமில்லை. ஆனால் 1955-இல் அதே திருத்தணி வட்டத்துச் சிற்றூரொன்றில் பிறந்த மூதாட்டியார் ஒருவரின் கடவுச்சீட்டில் பிறந்த இடம் 'சித்தூர் மாவட்டம், ஆந்திரம்' என்றும், பிறப்புச் சான்றில் 'திருவள்ளூர் மாவட்டம், தமிழ்நாடு' என்றும் இருப்பின், இரண்டும் உண்மையே என்பதை அயல்நாட்டு அலுவலருக்கு யார் விளக்குவது?

மாவட்டம் மட்டுமா நகர்ந்தது? மேலொப்பமிடும் தலைமைச் செயலகமும் நகர்ந்தது. சித்தூர்க்காரருக்கு 1953 வரை அது சென்னைக் கோட்டை; பின்னர் மூன்றாண்டு கர்நூல்; 1956 முதல் ஐதராபாத்து; மாநிலப் பிரிவினைக்குப் பின், 2016 முதல் அமராவதிப் பகுதியின் வெலகபூடி. ஒரே வீட்டில் பாட்டனார் ஒரு நகரையும், தந்தையார் ஒரு நகரையும், பேரன் ஒரு நகரையும் நாட வேண்டியதாயிற்று. கல்விச் சான்றும் இவ்வாறே. திருவேங்கடவன் பல்கலைக்கழகம் 1954-இல் தோன்றியது. அதற்கு முன் திருப்பதிக் கல்லூரியில் படித்தோர் கையில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம்.

இதில் குழப்பம் தீர ஒரே வழியுண்டு. பிறந்த அன்று ஆண்ட அரசு எது என்பது இங்கு வினாவே அன்று. இன்று அப்பதிவின் நகலை எழுதிக் கையொப்பமிடும் அலுவலர் எந்த மாநில ஊழியர் என்பதே வினா. அவருடைய மாதிரிக் கையொப்பம் எந்தத் தலைமை அலுவலகத்தில் இருக்கிறதோ, அங்கேதான் அடுத்த முத்திரை. இதனை அறியாமல் அலைந்தோரை நாம் கண்டிருக்கிறோம். வேலூர் மணமகன், திருப்பதி மணமகள், திருமணம் திருமலையில், பதிவும் அங்குள்ள பதிவாளரிடமே. மணமகன் வளைகுடாவில் பணியாற்றுபவர். தமிழ்நாட்டவர் ஆயிற்றே என்று சென்னைக்குச் சென்றனர். பதிவாளரின் மாதிரிக் கையொப்பம் அங்கு எவ்வாறு இருக்கும்? ஆந்திரத் தலைமைச் செயலகத்துக்குச் செல்லும்படி திருப்பி அனுப்பினர். அங்குச் சென்றால், ஒப்பமிட்ட பதிவாளர் மாறுதலாகிவிட்டார். புதிய நகல் பெற்று வருக என்றனர். நான்கு திங்கள் கழிந்தன. அதற்குள் கணவரின் விடுமுறை தீர்ந்து அவர் மட்டும் விமானம் ஏறினார். அப்பெண் வளைகாப்புக்குப் பின்னரே விசா பெற்றார். ஆகவே பல்லாண்டுக்கு முன் வாங்கிப் பெட்டியில் வைத்த நகலைக் காட்டிலும், இப்போது பணியிலிருக்கும் அலுவலர் ஒப்பமிட்ட புதிய நகலே முத்திரை பெற எளிது. திருமலையில் திருமணம் செய்வோர் கோயில் இரசீதோடு ஊர் திரும்பிவிடாமல், பதிவையும் முடித்துக்கொண்டு திரும்புதல் நலம். ஆந்திரத்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கியுள்ளன.

பெயரைப் பற்றி ஒன்று. நமக்குத் தந்தை பெயரே தலைப்பெழுத்து; தெலுங்கருக்கு வீட்டுப் பெயர். 'சுப்பிரமணியன்' என்னும் தமிழர் சித்தூர்ப் பள்ளியில் சேர்ந்தால் 'சுப்பிரமணியம்' ஆகிவிடுவார். ஒரு 'ன்' 'ம்' ஆனது பள்ளியில் யாருக்கும் பொருட்டன்று. அவர் மகனின் கடவுச்சீட்டில் தந்தை பெயர் ஒன்றாகவும், மகனின் பிறப்புச் சான்றில் வேறொன்றாகவும் நிற்கும்போதுதான் அந்த ஒற்றெழுத்தின் விலை தெரிகிறது. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதற்கும் முத்திரை தேடுகிறோம். தெலுங்கில் உள்ள சான்றை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் தம் விருப்பம்போல் எழுத்துக்கூட்டினால் மூன்றாவது பெயரும் பிறந்துவிடும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டையே பின்பற்றுமாறு அவரிடம் முன்னரே கூறிவிட வேண்டும்.

நீண்ட சங்கிலியைக் குறுக்கியது 1961 அக்டோபர் 5-ஆம் நாள் நெதர்லாந்தின் ஏகு நகரில் உருவான உடன்படிக்கை. இதில் சேர்ந்த நாடுகள் தமக்குள் தூதரக முத்திரை கேட்பதில்லை. பத்திரம் பிறந்த நாட்டின் உரிய அதிகாரி ஒரு சதுரச் சான்றை ஒட்டினால் போதும். பக்கம் ஒன்பது சென்டிமீட்டருக்குக் குறையாத அச்சதுரத்தில் பத்து வரிகள்: நாடு, ஒப்பமிட்டவர், அவர் பதவி, முத்திரை யாருடையது, சான்றளித்த இடம், நாள், அதிகாரி, எண், முத்திரை, கையொப்பம். தலைப்பு மட்டும் பிரெஞ்சு மொழியில். இந்தியாவுக்கு இது 2005 சூலை 14-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்தது. ஓமன் 2012-லும், பஃரைன் 2013-லும், சிங்கப்பூர் 2021-லும், சவூதி அரேபியா 2022-லும், கனடா 2024-லும் இதனுள் வந்தன. இதிற் சேராத நாடுகளுக்குப் பழைய வழியே: மாநிலம், வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம். முன்பு தில்லிக்கே அனுப்ப வேண்டியிருந்த அமைச்சக முத்திரை 2019 முதல் சென்னை, ஐதராபாத்து முதலிய நகரங்களிலும் கிடைக்கிறது. திருப்பதியில் வாழ்வோருக்கு இதனாற் பெற்ற நன்மை சிறிதன்று. ஆயினும் அப்போஸ்டிலும் கையொப்பத்துக்கே சான்று. அடியில் உள்ள வரி பிழையாயின், பிழைக்குத்தான் பத்து வரிச் சதுரம் கிடைக்கும்.

தென்னாப்பிரிக்கா இவ்வுடன்படிக்கையில் 1995-இலேயே இணைந்துவிட்டது. அங்குள்ள பிள்ளேயும் மூட்லியும் இப்போது வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கின்றனர். தம் பிறப்புச் சான்று, தந்தையார் சான்று, பாட்டனார் சான்று எனப் படிப்படியாக ஏறி, இறுதியில் கப்பல் பட்டியலின் அந்த ஒரு வரியை எடுத்து வைக்கின்றனர். மாவட்டம் வடஆற்காடு, வட்டம் சித்தூர், ஊர்ப்பெயர் காதுக்கு எட்டியவாறு எழுதியது. அவ்வூர் இன்று சித்தூரிலும் இருக்கலாம், திருப்பதி, வேலூர், இராணிப்பேட்டை, திருவள்ளூரிலும் இருக்கலாம். தேடி வருவோர்க்கு இங்குள்ள எந்த அலுவலகமும் அம்முன்னோரின் பிறப்புப் பதிவை எடுத்துத் தர இயலாது. அவர் பிறந்த காலத்தில் 1886-ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை, 1899-ஆம் ஆண்டுச் சட்டமும் இல்லை. அவர் இவ்வூரிற் பிறந்தார் என்று கூறும் எழுத்து, பெரும்பாலும், அவர் சென்று இறங்கிய நாட்டின் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது.